நடப்புக் கணக்கில் மாதக் கட்டணம்: சராசரி இருப்பு எவ்வாறு கணக்கிடப்படுகிறது? தவிர்க்கும் வழிகள் என்ன?

புதுடெல்லி: சேமிப்புக் கணக்குகளுக்கான குறைந்தபட்ச இருப்பு நிபந்தனையைப் பொதுத்துறை வங்கிகள் பலவும் கைவிட்டுள்ளன. எனினும், கடை, பட்டறை, சிறு நிறுவனம் நடத்துவோர் பயன்படுத்தும் நடப்புக் கணக்குகளுக்கு இச்சலுகை பொருந்தாது. அக்கணக்குகளில் நிர்ணயிக்கப்பட்ட சராசரி இருப்பு குறைந்தால், மாதந்தோறும் அல்லது காலாண்டுதோறும் கட்டணம் பிடித்தம் செய்யப்படுகிறது. கணக்கிடும் முறையை முன்கூட்டியே அறிந்திருந்தால் இந்தச் செலவைப் பெரும்பாலும் தவிர்க்க இயலும்.

நடப்புக் கணக்கு எவ்வாறு வேறுபடுகிறது?

வணிக நிறுவனத்தின் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்க வங்கிகளுக்கு அனுமதி இல்லை. எனவே, நிறுவனத்தின் பெயரில் காசோலை பெறவும் பணம் செலுத்தவும் நடப்புக் கணக்கு அவசியமாகிறது. இதில் எத்தனை முறை வேண்டுமானாலும் பரிவர்த்தனை செய்யலாம். ஆனால், ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி இக்கணக்கில் உள்ள தொகைக்கு வட்டி கிடையாது. வட்டியில்லாத அந்த இருப்பையே வங்கிகள் தங்கள் சேவைக்கான ஈடாகக் கருதுகின்றன. இருப்பு குறையும்போது அந்த ஈட்டைக் கட்டணமாக வசூலிக்கின்றன.

சராசரி இருப்பு என்றால் என்ன?

ஒவ்வொரு நாளின் முடிவிலும் கணக்கில் உள்ள தொகையைக் கூட்டி, அம்மாதத்தின் நாள்களால் வகுத்தால் கிடைப்பதே மாதாந்திரச் சராசரி இருப்பாகும். காலாண்டுச் சராசரியாயின் மூன்று மாதங்களின் நாள்களால் வகுக்கப்படும்.

எடுத்துக்காட்டாக, ஒரு கணக்கிற்கு மாதச் சராசரி ரூ.10,000 என்று வைத்துக்கொள்வோம். 30 நாள்கள் கொண்ட மாதத்தில் நாள் முடிவு இருப்புகளின் கூட்டுத்தொகை ரூ.3 லட்சமாக இருக்க வேண்டும். ரூ.1 லட்சம் மூன்று நாள்கள் மட்டும் கணக்கில் இருந்து, மற்ற நாள்களில் இருப்பே இல்லாவிட்டாலும் இந்த நிபந்தனை நிறைவேறிவிடும்.

மாதக் கடைசி நாளில் ரூ.10,000 செலுத்தினால் போதும் என்று பலர் கருதுவது தவறாகும். முதல் 15 நாள்கள் ரூ.4,000 மட்டுமே இருந்திருந்தால், எஞ்சிய 15 நாள்களில் நாள்தோறும் ரூ.16,000 இருக்க வேண்டும். 25 நாள்கள் அவ்வாறே கடந்துவிட்டால், கடைசி ஐந்து நாள்களில் நாள்தோறும் ரூ.40,000 தேவைப்படும். தாமதம் கூடக் கூட ஈடுகட்ட வேண்டிய தொகையும் உயர்ந்துகொண்டே போகும். ஆகவே, மாதத்தின் நடுப்பகுதியிலேயே கணக்கைச் சரிபார்ப்பது நல்லது.

நாள் முடிவு இருப்பே அளவுகோல்

பகலில் கணக்கில் எவ்வளவு பணம் வந்து சென்றது என்பது சராசரிக் கணக்கில் சேராது. நாள் முழுவதும் யுபிஐ வழியாக ரூ.20,000 வரவு வந்தாலும், இரவுக்குள் அதனை மொத்த வியாபாரிக்கோ சொந்தச் சேமிப்புக் கணக்கிற்கோ மாற்றிவிட்டால் அன்றைய இருப்பு குறைவாகவே பதிவாகும். அதே தொகையை மறுநாள் காலையில் அனுப்பினால் ஒரு நாள் இருப்பு கணக்கில் சேரும். நெஃப்ட் சேவை 2019 டிசம்பர் முதலும், ஆர்டிஜிஎஸ் சேவை 2020 டிசம்பர் முதலும் 24 மணி நேரமும் செயல்படுவதால், பணம் அனுப்பும் நேரத்தை வணிகரே தீர்மானிக்க இயலும்.

விடுமுறை நாள்களும் கணக்கில் சேரும். சனிக்கிழமை இரவு உள்ள இருப்பு, ஞாயிற்றுக்கிழமை பரிவர்த்தனை ஏதும் நிகழாவிட்டால், இரண்டு நாள்களுக்கும் பொருந்தும். அதேவேளையில், வசூலுக்குச் செலுத்தப்பட்ட காசோலை கணக்கில் வரவாகும் வரை இருப்பாகக் கருதப்படாது.

சுமை எவ்வளவு?

கட்டணம் வங்கிக்கு வங்கி, கணக்கு வகைக்கு ஏற்ப மாறுபடும். அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. மாதக் கட்டணம் ரூ.500 எனக் கொண்டால், வரியுடன் ரூ.590 ஆகும். ஓராண்டில் இது ரூ.7,080.

இதற்கு மாறாக, ரூ.25,000 இருப்பை ஆண்டு முழுவதும் வட்டியின்றி வைத்திருந்தால், 6 சதவீத வைப்புத்தொகை வட்டிக் கணக்கில் இழப்பு ரூ.1,500 மட்டுமே. 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி அத்தொகையை நிரப்பினாலும் செலவு ரூ.3,000. இருப்பு வைப்பதா, கட்டணம் செலுத்துவதா, கணக்கின் வகையை மாற்றுவதா என்பதை இவ்வாறு ஒப்பிட்டு முடிவு செய்யலாம். ஜிஎஸ்டி பதிவு பெற்ற வணிகர்கள், தங்கள் பதிவு எண்ணை வங்கியில் இணைத்திருந்தால், உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு இந்த வரியை உள்ளீட்டு வரி வரவாகப் பெறலாம்.

தவிர்க்கும் வழிகள்

* கணக்கின் வகையை மாற்றுதல்: பெரும்பாலான வங்கிகள் பல வகை நடப்புக் கணக்குகளை வழங்குகின்றன. இருப்பு நிபந்தனை உயர்ந்தால் இலவச ரொக்கச் செலுத்துகை வரம்பும் உயரும். அந்த வரம்பைப் பயன்படுத்தாத வணிகர், குறைந்த இருப்பு வகைக்கு மாற்றக் கோரி எழுத்துபூர்வமாக விண்ணப்பிக்கலாம்.

* விற்றுமுதல் சலுகை: கடையில் உள்ள அட்டைக் கருவி அல்லது க்யூஆர் குறியீடு வழியாகக் குறிப்பிட்ட தொகை வரவானால், இருப்பு நிபந்தனையைத் தளர்த்தும் திட்டங்கள் சில வங்கிகளில் உள்ளன. இச்சலுகை தானாகவே கிடைக்குமா, விண்ணப்பிக்க வேண்டுமா என்பதைக் கேட்டறிய வேண்டும்.

* வைப்புத்தொகை: உபரித் தொகை தானாக வைப்புத்தொகையாக மாறும் வசதியைப் பெற்றிருப்போர், அத்தொகை சராசரி இருப்பில் சேர்க்கப்படுகிறதா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். வங்கிகளிடையே இதில் வேறுபாடு உண்டு.

* தேவையற்ற கணக்குகளை மூடுதல்: இரண்டு, மூன்று வங்கிகளில் பிரிந்து கிடக்கும் தொகையை ஒரே கணக்கில் சேர்த்தால் நிபந்தனை எளிதில் நிறைவேறும். கணக்கு தொடங்கிய சில மாதங்களுக்குள் மூடினால் முடிப்புக் கட்டணம் விதிக்கப்படலாம் என்பதால், கட்டண அட்டவணையை முதலில் பார்க்க வேண்டும்.

சேமிப்புக் கணக்குக்கு உள்ள பாதுகாப்பு

2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, சேமிப்புக் கணக்கில் இருப்பு குறைந்தால் வங்கி முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாத அவகாசத்துக்குப் பிறகும் இருப்பு சரிசெய்யப்படாவிட்டால் மட்டுமே கட்டணம் வசூலிக்கலாம். பற்றாக்குறைத் தொகையின் குறிப்பிட்ட சதவீதமாக அது இருக்க வேண்டும். கட்டணத்தால் மட்டுமே கணக்கின் இருப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே செல்லக் கூடாது. இந்த விதிகள் சேமிப்புக் கணக்குகளுக்காக வகுக்கப்பட்டவை. நடப்புக் கணக்கு வைத்திருப்போர், கணக்கு தொடங்கும்போது கையொப்பமிட்ட நிபந்தனைகளையே முதன்மையாக நம்பியிருக்க வேண்டியுள்ளது.

பாரத ஸ்டேட் வங்கி 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அனைத்துச் சேமிப்புக் கணக்குகளுக்கும் இந்த நிபந்தனையை நீக்கியது. 2025-ஆம் ஆண்டில் கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, பாங்க் ஆஃப் பரோடா, இந்தியன் வங்கி ஆகியவையும் சேமிப்புக் கணக்குகளில் இந்த அபராதத்தைக் கைவிட்டன. குறைந்தபட்ச இருப்பை நிர்ணயிப்பது அந்தந்த வங்கிகளின் முடிவு என ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா 2025 ஆகஸ்டில் தெரிவித்தது குறிப்பிடத்தக்கது.

செயல்படாத கணக்கு

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் தரப்பில் பரிவர்த்தனை நிகழாத கணக்கு, செயல்படாத கணக்காக வகைப்படுத்தப்படும். அவ்வாறு வகைப்படுத்தப்பட்ட கணக்கில், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்பதற்காக அபராதம் விதிக்க வங்கிகளுக்கு அனுமதி இல்லை. அதனை மீண்டும் செயல்படுத்தவும் கட்டணம் கிடையாது. இது சேமிப்பு, நடப்பு ஆகிய இரு வகைக் கணக்குகளுக்கும் பொருந்தும்.

புகார் அளிப்பது எப்படி?

தவறாகக் கட்டணம் பிடிக்கப்பட்டதாகக் கருதினால், அம்மாதத்தின் நாள்வாரி இருப்பு விவரத்தைக் கோரிப் பெற்று, கிளைக்கு எழுத்துபூர்வமாகப் புகார் அளிக்க வேண்டும். 30 நாள்களுக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி அளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை இணையதளம் வழியாகக் கட்டணமின்றி அணுகலாம். விவரங்களுக்கு 14448 என்ற எண்ணைத் தொடர்புகொள்ளலாம். வங்கிக்கு அளித்த புகாரின் நகலையும் ஒப்புகையையும் பாதுகாத்து வைப்பது அவசியம்.