பைன் விதையின் வெண்பருப்பு

பெங்களூருக் கடைகளில் சில்கோசா என்று விற்கும் பருப்பு, இமாசலத்தின் கின்னௌர் பகுதியில் விளையும் ஒருவகைப் பைன் மரத்தின் விதை. ஓட்டை உடைத்துப் பருப்பைப் பிளந்தால் நடுவே மெல்லிய குச்சியாகக் கரு தெரியும். அதைச் சூழ்ந்த வெண்சதையே ஊசியிலை மரங்களின் மரபியலுக்குத் திறவுகோல்.

தேங்காய்ப் பருப்பு கருவுற்ற பிறகே உருவாவது. தாய், தந்தை இருவரின் பங்கும் அதில் உண்டு. பைனில் அப்படியில்லை. சூலுக்குள் தோன்றும் நான்கு வித்துகளில் ஒன்றே பிழைத்து, மகரந்தத்தின் பங்கின்றிப் பெருகிச் சதையாகிறது. முட்டையும் அதே வித்தின் வழிவந்ததால் இரண்டின் மரபணுக்களும் ஒன்றே. கருவில் 24 குரோமோசோம்கள்; சதையில் 12.

இச்சதை பன்னங்களின் பாலணுத் தலைமுறைக்கு நிகரானது என 1851இல் ஜெர்மானியர் ஹோஃப்மைஸ்டர் காட்டினார். இந்தியாவில் தாவரக் கருவியலை வளர்த்தவர் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பஞ்சானன் மகேசுவரி. அங்கிருந்து ஆர். என். கோனார் 1960இல் சிர் பைனின் கருவியலை விரிவாக வெளியிட்டார். மகேசுவரி மறைந்த மறு ஆண்டு, 1967இல், ஹர்தேவ் சிங்குடன் அவர் எழுதிய இச்சதை பற்றிய ஆய்வுரை வந்தது. நுண்ணோக்கியின் கீழ் பொறுமையாகச் செய்த அந்த வேலைக்கு இன்னும் உரிய புகழ் கிட்டவில்லை.

1970களில் சதையை அரைத்து, ஸ்டார்ச் ஜெல்லில் நொதிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். தாய் தந்தது சதையில் தெரியும். கருவில் உள்ளதிலிருந்து அதைக் கழித்தால் மகரந்தம் தந்தது தெரியும். ஆனால் கருவையும் அரைக்க வேண்டியிருந்ததால் நாற்று மிஞ்சவில்லை.

1980களில் வந்த பிசிஆர் முறை இதை மாற்றியது; துளியளவு டிஎன்ஏ போதுமென்றானது. இருந்தாலும் எடுக்கும் நேரம் முக்கியம். முளைவேர் வெளிவந்த பின்னும் வித்திலைகளின் நுனிகள் சதைக்குள்ளேயே இருந்து கொழுப்பையும் புரதத்தையும் உறிஞ்சுகின்றன. அப்போது சதையைப் பெரிதாக வெட்டினால் நாற்று இளைக்கும். ஓடு தானே கழன்று விழும்வரை காத்திருந்தால் சதை சுருங்கி, செல்கள் மடிந்து, டிஎன்ஏ சிதையத் தொடங்கிவிடும். எனவே வேர் நன்கு நீண்டதும் ஓட்டை மெல்ல விலக்கி, வித்திலைகளைத் தொடாமல் ஓரத்தில் சிறு துணுக்கு மட்டும் எடுப்பதே நாற்றுக்குப் பாதுகாப்பானது. கருவின் பங்கை அறியப் பிறகு வளர்ந்த நாற்றின் ஓர் ஊசியிலையே போதும்.

2014இல் அமெரிக்க லாப்லாலி பைனின் மரபணுத்தொகை வெளியானது. ஏறக்குறைய 2,200 கோடி எழுத்துகள். மனிதனுடையதைப்போல ஏழு மடங்கு. இரு பிரதிகளின் வேறுபாடு குழப்பாதபடி, வரிசையின் பெரும்பகுதியை ஒரே விதையின் சதையிலிருந்து படித்தார்கள். நீண்ட துண்டுகளுக்கு அது போதாமல் தாய்மரத்தின் ஊசியிலைகளை நாட வேண்டியிருந்தது.