இலக்கம் 118, ஹை ஸ்ட்ரீட்

இந்தப் படத்தை முதல்முறை பார்க்கேக்க எங்களுக்கு ஆக்கள் கண்ணில் படவே இல்லை. இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர், நடுவில் ஈரம் ஊறின ஒடுங்கின ஒழுங்கை. பிறகுதான் அந்தத் தொங்கலில் சிலர் நிற்பது தெரிந்தது.

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இப்படியான ஒழுங்கைகளை ‘குளோஸ்’ எண்டு சொல்லுவினம். நெரிசலும் நோயும் மலிந்த இந்தக் குடியிருப்புகளை வாங்கி இடிக்க 1866ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. இடிக்க முதல் ஒரு பதிவு வேணுமெண்டு 1868இல் தோமஸ் அன்னன் என்ற படப்பிடிப்பாளரை அமர்த்தினார்கள். 1871க்குள் 31 படங்கள் ஒரு தொகுப்பாகின. அதாவது, படம் எடுக்கச் சொன்னதும் இடிச்சதும் ஒரே ஆக்கள். இதை மறந்துபோட்டு ‘பழைய நகரம் என்ன வடிவு’ எண்டு ரசிக்க எங்களால் ஏலாது.

அப்ப கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய முதல் படமெடுத்துக் கழுவவேணும். வெயில் எட்டாத ஒழுங்கையில் கமராவைக் கனநேரம் திறந்து வைக்கவேண்டியிருந்தது. அசையாமல் நிண்டவை தெளிவாக விழுந்திருக்கினம். பொறுமையில்லாத பிள்ளைகள் புகைமாதிரிக் கலங்கிப்போச்சினம். சுவர் அசையாதுதானே, அது கல் கல்லாகத் தெரியுது.

தலைப்புகளிலும் தெருவும் இலக்கமும் மட்டுந்தான். 1840களில் எடின்பரோவை அடுத்த நியூஹேவன் மீனவக் கிராமத்தில் ஹில்லும் அடம்சனும் எடுத்த படங்களில் சில மீன்காரப் பெண்களின் பெயராவது இருக்கு. இங்க ஒருவரின்ர பெயரும் இல்லை.

ஒரு படத்தில் ஒழுங்கைக்கு மேல உடுப்புக் காயுது. அது ஆரின்ர உடுப்பு எண்டுதான் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறம்.