வாயைத் திறந்தாலே 'டக்' சத்தம்.. கொட்டாவி விட்டால் மாட்டிக்கொள்ளும் தாடை.. காரணம் என்ன?

நன்றாகக் கொட்டாவி விடுகிறார் ஒருவர். திறந்த வாய் அப்படியே நின்றுவிடுகிறது. மூட முடியவில்லை, பேச்சு குழறுகிறது, எச்சில் வழிகிறது. பதறிப்போன வீட்டார் தாடையைக் கீழிருந்து மேலே தள்ளிப் பார்க்கிறார்கள். ஆனால், அப்படிச் செய்யவே கூடாது. ஏன்னு தெரிஞ்சுக்கணும்னா, தாடை எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

தாடை மூட்டு எங்கே இருக்கிறது?

காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புகளை விட்டுவிட்டால், மண்டை ஓட்டில் அசையும் ஒரே எலும்பு கீழ்த்தாடைதான். காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். உள்ளே ஒரு குமிழ் நகர்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. டாக்டர்கள் 'டிஎம்ஜே' என்பார்கள்.

கொஞ்சமாக வாயைத் திறந்தால், இந்தக் குமிழ் கதவுக் கீல் மாதிரி சுழலும். அகலமாகத் திறந்தால், முன்பக்கமாக வழுக்கி ஒரு சின்ன எலும்பு மேட்டுக்கு வரும். எலும்போடு எலும்பு உரசாமல் இருக்க, நடுவில் மெத்தை போல ஒரு தட்டு இருக்கிறது.

மெல்லும்போது என்ன நடக்கிறது?

மெல்லுவதற்கு 4 ஜோடி தசைகள் இருக்கின்றன. பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைப்பது மாசெட்டர், நெற்றிப்பொட்டில் புடைப்பது டெம்போராலிஸ். உள்பக்கம் இருப்பவை இரண்டு டெரிகாய்டு தசைகள். இதில் மூன்று, வாயை மூடுவதற்கானவை. வெளிப்புற டெரிகாய்டு மட்டும் குமிழை முன்னால் இழுத்து, வாயைத் திறக்க உதவுகிறது.

தாடை மேலும் கீழும் மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் நகர்கிறது. முன்பற்கள் வெட்ட, கோரைப்பற்கள் கிழிக்க, கடைவாய்ப் பற்கள் ஆட்டுக்கல் போல அரைக்கின்றன.

'டக்' சத்தம் ஆபத்தா?

நடுவில் இருக்கும் தட்டு கொஞ்சம் இடம் மாறியிருந்தால், வாயைத் திறக்கும்போது குமிழ் அதன் மேல் துள்ளி ஏறும். அந்தச் சத்தம்தான் 'டக்'. வலி இல்லாத வெறும் சத்தம் பலருக்கும் இருக்கிறது. பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாது. வலி இருந்தாலோ, வாய் அடிக்கடி மாட்டிக்கொண்டாலோ பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வாய் மூடவே இல்லைன்னா?

குமிழ் அந்த மேட்டைத் தாண்டி முன்னால் போய்விட்டால், திரும்பி வர வழியில்லை. வாயை மூடும் தசைகளும் இறுகிப்போய், அதை அங்கேயே பிடித்துக்கொள்கின்றன. மேலே தள்ளத் தள்ள, இன்னும் இறுகும். டாக்டர்கள் கீழ்க்கடைவாய்ப் பற்கள் மேல் கட்டைவிரல்களை வைத்து, முதலில் கீழே அழுத்தி, பிறகு பின்னால் தள்ளுவார்கள். 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய கிரேக்க மருத்துவ நூல்களிலேயே இந்த முறை இருக்கிறது.

வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். தாடையைக் கையாலோ துணியாலோ தாங்கிப் பிடித்தபடி உடனே மருத்துவமனைக்குப் போவதே சரி. தாமதமானால் தசைகள் மேலும் இறுகும்.

3 விரல் சோதனை

ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்படி முன்பற்களுக்கு நடுவே வையுங்கள். பெரும்பாலானவர்களுக்கு உள்ளே போகும். முன்பு போன மூன்று விரல் இப்போது போகவில்லை, காரம் பட்டாலே வாய் எரிகிறது என்றால் அலட்சியம் வேண்டாம். குறிப்பாக பாக்கு, பான் மசாலா, குட்கா போடுபவர்களுக்கு வாயின் உள்தோல் இறுகி, வாய் திறப்பது குறையும். இது புற்றுநோயாக மாறும் வாய்ப்பும் உண்டு. புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் பாக்கையும் சேர்த்திருக்கிறது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை.

இதையும் கவனிங்க

* கொட்டாவி வரும்போது முகவாயைக் கையால் தாங்கிக்கொள்ளலாம்.
* ஐஸ் கட்டி கடிப்பது, நகம் கடிப்பது, எந்நேரமும் சூயிங்கம் மெல்லுவது வேண்டாம்.
* சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம், ஆனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருக்கக் கூடாது.
* தாடை வலியோடு நெஞ்சு பாரம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.