நாடாவும் மலக்குழியும்

இயந்திரம் வந்தால் சாதி தானாகப் போய்விடும் என்று இன்றும் நம்மில் பலர் நம்புகிறோம். இந்த நம்பிக்கைக்கு வயது அதிகம். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பம்பாயிலிருந்து தாணேவுக்கு ஓடிய 1853ஆம் ஆண்டிலேயே கார்ல் மார்க்ஸ் இப்படி எழுதினார்: ரயிலோடு நவீனத் தொழில் வளரும், சாதிக்கு அடித்தளமான பரம்பரைத் தொழில் பிரிவினை அதில் கரையும்.

நவீனத் தொழில் வளர்ந்தது. பம்பாயில் பஞ்சாலைகள் எழுந்தன. கிராமத்தை விட்டு வந்த தலித் மக்களுக்கு ஆலையில் வேலை கிடைத்தது, கூலி பணமாகக் கைக்கு வந்தது. இது சிறிய மாற்றம் அல்ல. ஆனால் அவர்களுக்குத் திறந்தது நூற்புப் பிரிவுதான். கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவு மூடியே இருந்தது.

காரணம், ஒரு நாடா. அதில் நூல் தீர்ந்ததும் புதிய கண்டைப் போட்டு, நூலின் நுனியைத் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தலித் தொழிலாளியின் வாய் பட்ட நாடாவில் தங்கள் வாயை வைக்கச் சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். 1928 பொது வேலைநிறுத்தத்தின்போது நெசவுப் பிரிவைத் தலித்துகளுக்குத் திறக்கும் கோரிக்கையையும் சேர்க்க வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் வலியுறுத்த வேண்டியிருந்தது. மார்க்ஸ் எழுதி 75 ஆண்டுகள் கழிந்திருந்தன.

வாய் வைக்கத் தேவையில்லாத நாடா 1890களிலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள். மலிவான உழைப்பு கிடைத்த பம்பாயில் பழைய தறிகளே பெரும்பாலும் ஓடின. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாக அடுக்குகிறது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் விளக்கியதற்குப் பின்னால் இந்த அனுபவங்களும் இருக்கின்றன.

இப்போது மலக்குழிக்கு வருவோம். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018இல் கேரளத்தில் சாக்கடைக்குள் இறங்கும் ரோபோ வந்தது. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. மனிதர்கள் அப்போதும் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் இதன் பொருள்.

2013 சட்டத்தில் இன்னொரு ஓட்டையும் உண்டு. அரசு அறிவிக்கும் கருவியும் பாதுகாப்பு உடையும் கொடுத்துவிட்டால், அதே வேலையைச் செய்பவர் 'கையால் மலம் அள்ளுபவர்' என்ற வரையறைக்குள் வரமாட்டார். கருவி வந்ததும் பெயர்தான் போகிறது, வேலை அதே சாதியிடம் இருக்கிறது.

நாம் இயந்திரத்துக்கு எதிரிகள் அல்ல. மலக்குழிக்கு இயந்திரம் வேண்டும், இன்றே வேண்டும். அது வாங்கப்படும்போது மூன்று கேள்விகளை நாம் விடாமல் கேட்க வேண்டும். இயந்திரம் யார் பெயரில் இருக்கிறது? அதை இயக்குபவருக்கு நிரந்தர வேலையும் உரிய சம்பளமும் உண்டா? அவருடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போக வழி இருக்கிறதா?

இவற்றுக்குப் பதில் இல்லாத ஊரில் புது இயந்திரமும் பழைய நாடாதான்.