ஸ்லீப் ஆப்னியாவுக்குத் தாடை அறுவை சிகிச்சை: வீடு திரும்பிய பிறகு என்ன செய்ய வேண்டும்?

இரவில் குறட்டை, நடுவில் மூச்சு முட்டி விழிப்பு, பகலில் மீட்டிங்கில் கண் சொக்கல். ஸ்லீப் ஆப்னியாவின் அறிகுறிகள் இவை. சிபாப் கருவி ஒத்துவராத சிலருக்கு, மேல், கீழ் தாடைகளைச் சுமார் 10 மி.மீ. முன்னே நகர்த்தி டைட்டானியம் தகடுகளால் பொருத்துகிறார்கள். நாக்கும் அண்ணமும் சேர்ந்து முன்னே வருவதால் மூச்சுப்பாதை விரிகிறது.

வீக்கம் எப்போது குறையும்?

2, 3-ம் நாளில்தான் வீக்கம் உச்சத்தில் இருக்கும். கண்ணாடியைப் பார்த்துப் பயந்துடாதீங்க. தலையை உயர்த்தி வைத்துத் தூங்குங்கள். மருத்துவர் சொல்லும்வரை மூக்கைச் சிந்தாதீர்கள். கீழுதடும் மோவாயும் மரத்துப்போவது சகஜம். பலருக்குச் சில மாதங்களில் உணர்வு திரும்பும், சிலருக்கு மரப்பு நிரந்தரமாகத் தங்கிவிடலாம்.

என்ன சாப்பிடலாம்?

முதலில் திரவம் மட்டும்: மோர், ராகிக் கூழ், வடிகட்டிய பருப்புத் தண்ணீர். பிறகு குழைந்த சாதம். முறுக்கு, கறி மாதிரி கடித்து மெல்லும் எதுவும் 6 வாரமாவது வேண்டாம். எலும்பு கூட அந்த அவகாசம் தேவை. புகை பிடிக்கவே கூடாது.

குண்டலுபேட்டை மாதிரி ஊரில் இருந்தால்?

கூடலூருக்கும் வயநாட்டுக்கும் செல்லும் பந்திப்பூர் காட்டுச் சாலைகள் இரவு 9 முதல் காலை 6 மணி வரை மூடப்படும். ஆம்புலன்ஸுக்கு விலக்கு உண்டு, உங்கள் காருக்குக் கிடையாது. எனவே சிகிச்சை கோவையிலோ கோழிக்கோட்டிலோ நடந்திருந்தாலும், சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள மைசூருவில் ஒரு மருத்துவமனையை முன்பே பேசி வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி போனில் இருக்கட்டும். பற்களில் ரப்பர் பேண்ட் போட்டிருந்தால், வாந்தி வந்தால் வெட்ட ஒரு சின்ன கத்தரிக்கோல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கணும்.

மூச்சுத்திணறல், நிற்காத ரத்தக்கசிவு என்றால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். காய்ச்சல், சீழ், பற்கள் பொருந்தும் விதத்தில் திடீர் மாற்றம் இருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குறட்டை நின்றால் போதுமா?

போதாது. 45 ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியான பகுப்பாய்வில், 85.5% பேருக்கு மூச்சுத்தடை பாதிக்கும் மேல் குறைந்து, மணிக்கு 20 முறைக்குக் கீழே வந்தது. ஆனால் 5-க்கும் கீழே வந்தவர்கள் 38.5% மட்டுமே. அதனால் டெஸ்க் வேலைக்குச் சில வாரங்களில் திரும்பினாலும், சில மாதங்கள் கழித்து மறுபடி ஸ்லீப் ஸ்டடி செய்தே ஆக வேண்டும். சிபாப்பை எப்போது நிறுத்தலாம் என்பதை அந்த முடிவைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.