சீயக்காய் போய் ஷாம்பு பாக்கெட் வந்த கதை

கிராமத்துல இன்னும் எல்லாரும் சீயக்காய்தான் தேய்க்கிறாங்கன்னு நெனச்சா, அது பழைய கதைங்க. இங்கயும் ஷாம்பு பாக்கெட்தான்.

அந்தப் பாக்கெட் பரவியதில் நம்ம கடலூருக்குப் பெரிய பங்கு உண்டு. பணக்காரர் வாங்குவதை ஏழையும் வாங்க முடியணும் என்று சின்னப் பாக்கெட்டில் பொருட்களை அடைத்தவர் அங்கே இருந்த சின்னிகிருஷ்ணன். அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலில் தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவைக் கொண்டுவந்தார். எந்தக் கம்பெனியுடையதானாலும் சரி, ஐந்து காலிப் பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று ஒரு திட்டமும் போட்டார். அப்போ காலிப் பாக்கெட்டுக்கும் ஒரு மதிப்பு இருந்துச்சு. இன்னிக்குப் பழைய பேப்பர் கடைக்காரர்கூட வாங்கமாட்டார். பல அடுக்கா ஒட்டின உறை. பிரிச்சு எடுக்கிறது லேசில்ல.

சீயக்காய் ஏன் தோத்துச்சு? களை எடுத்துட்டுப் பொழுதுசாய வர்ற பொம்பளைக்கு அதைக் காயவெச்சு இடிக்க ஏதுங்க நேரம்? அவங்களைக் குறை சொல்லி என்ன பண்ண?

இப்போதான் ஊருக்கு ஊர் மாவு மில் இருக்கே. சீயக்காய், பூந்திக்கொட்டை, வெந்தயம் மூணையும் காயவெச்சு ஒருதடவை அரைச்சா மாசக்கணக்குல வரும். வேலை குறைஞ்சாத்தான் பழசு திரும்பும். பெருமை பேசினா திரும்பாது.