இளையோர் புதினங்களில் தன்பாலினக் காதல்

பதின்ம வயதினருக்கான அமெரிக்கப் புதினங்களில் தன்பாலினக் காதலை முதன்முதலில் தொட்டது ஜான் டோனவனின் 'ஐ'ல் கெட் தேர். இட் பெட்டர் பி வொர்த் த ட்ரிப்' என்று பொதுவாகக் கூறப்படுகிறது. ஹார்பர் அண்ட் ரோ நிறுவனம் இதை 1969-இல் வெளியிட்டது. நியூயார்க்கில் ஸ்டோன்வால் கிளர்ச்சி நடந்ததும் அதே ஆண்டில்தான்.

கதை நாயகன் டேவிக்கு வயது 13. வளர்த்த பாட்டி இறந்துவிட, மதுப்பழக்கமுள்ள தாயிடம் நியூயார்க்குக்கு வந்து சேர்கிறான். அவனுக்குத் துணை ஃபிரெட் என்னும் நாய். பிறகு வகுப்புத் தோழன் ஆல்ட்ஷுலர். இருவரின் நட்பு ஒருநாள் முத்தம் வரை செல்கிறது. தாய்க்குச் சந்தேகம் எழ, வீட்டில் பெரும் கலவரம். அந்த நேரத்தில் நாய் காரில் அடிபட்டு இறக்கிறது. தன் செயலுக்குக் கிடைத்த தண்டனை என்றே டேவி நம்புகிறான். டோனவன் அப்படிச் சொல்லவில்லை. இறுதியில் நண்பர்கள் இருவரும் மனம்விட்டுப் பேசிச் சமாதானமாகிறார்கள். ஆனால் பின்வந்த கதைகளில் சாவு தொடர்ந்தது. சாண்ட்ரா ஸ்கோப்படோன் 1974-இல் எழுதிய புதினத்திலும் காதலர்களில் ஒருவன் கார் விபத்தில்தான் இறக்கிறான்.

நான்சி கார்டனின் 'ஆனி ஆன் மை மைண்ட்' (1982) இவ்வழக்கத்தை மாற்றியது. லிசா, ஆனி என்னும் இரு மாணவியர் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் சந்தித்துக் காதல் கொள்கின்றனர். பள்ளியில் விசாரணை நடக்கிறது. அவர்களுக்கு ஆதரவாயிருந்த இரு ஆசிரியைகள் வேலை இழக்கின்றனர். (கதையில் மிகவும் வலிக்கும் இடம் இதுவே.) எனினும் காதலர் மீண்டும் இணைகின்றனர்.

அந்த நல்ல முடிவு எல்லோருக்கும் பிடிக்கவில்லை. 1993-இல் கன்சாஸ் நகரப் பகுதி உயர்நிலைப் பள்ளிகளுக்கு இந்நூல் நன்கொடையாக அளிக்கப்பட்டபோது, எதிர்ப்பாளர்கள் அதன் படியைத் தீயிட்டு எரித்தனர். அருகிலுள்ள ஓலேதா பள்ளி மாவட்டம், தன் நூலகங்களில் ஏற்கெனவே இருந்த படிகளையும் அகற்றியது. மாணவர்களும் பெற்றோரும் நீதிமன்றம் சென்றனர். பாடநூலும் அல்லாத ஒரு கதைப் புத்தகத்துக்காக மாணவர்களே வழக்காடியது சிறிய செயலன்று. கல்விக்கு ஏற்றதல்ல என்று வாரியம் வாதிட்டது. கருத்து பிடிக்காததே உண்மைக் காரணம் என்று கண்ட கூட்டாட்சி நீதிபதி வான் பெபர், அகற்றியது அரசமைப்புக்கு முரண் என 1995 நவம்பரில் தீர்ப்பளித்தார். நூல் அலமாரிக்குத் திரும்பியது.

2003-இல் வந்த டேவிட் லெவித்தனின் 'பாய் மீட்ஸ் பாய்', இத்தகைய காதலை ஊரே இயல்பாக ஏற்கும் கற்பனை நகரைப் படைத்தது.

தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் கொழும்பில் பிறந்து, 1983 கலவரத்துக்குப் பின் கனடா சென்ற ஷியாம் செல்வதுரையும் இளையோருக்காக 'ஸ்விம்மிங் இன் த மான்சூன் சீ' (2005) என்ற புதினத்தை எழுதினார். கதை நடப்பது 1980-இன் இலங்கையில். பெற்றோரை இழந்த 14 வயது அம்ரித், கனடாவிலிருந்து வரும் உறவுப் பையன் நிரேஷ் மீது காதல் கொள்கிறான். அது கைகூடவில்லை, நிரேஷ் ஊர் திரும்புகிறான். அம்ரித் தன்னை யாரென்று அறிந்துகொண்டு கொழும்பிலேயே வாழ்கிறான்.